எல்லாம் தைரொயிட்டா? முதலில் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்போம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணியை ஓரமாக வைத்துவிட்டு வாசியுங்கள். ஏன் தேத்தண்ணியை ஓரமாக வைக்கச் சொல்கிறோம் என்பது போகப் போக விளங்கும்.

நாங்கள் படிப்பிக்கும் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை. கெட்டிக்காரி. சென்ற வருடம் இரண்டாம் தவணையில் இருந்து மூன்றாம் பாடவேளை வந்தால் மேசையில் தலையை வைத்துவிடுவாள். கேட்டால் "ஏலாம இருக்கு ரீச்சர்" என்பாள். தலைமுடி கொட்டுகிறது, படிகளில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறிப்போய் இருக்கிறது. தாயைக் கூப்பிட்டுக் கதைத்தோம். தாய் ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்: "எனக்கும் இப்படித்தான் ரீச்சர். எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் தைரொயிட்."

சோதித்தீர்களா என்று கேட்டோம். இல்லை. தாய்க்குமா? தாய்க்கும் இல்லை. பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு இதே மாதிரி இருந்ததாம், அவருக்குத் தைரொயிட் என்று வந்ததாம். ஆகவே இவர்களுக்கும் அதுதான்.

பிள்ளையிடம் தனியாக வேறு ஒரு கேள்வி கேட்டோம். காலையில் என்ன சாப்பிட்டாய்? "ஒண்டும் இல்ல ரீச்சர். பிளேன்ரீ குடிச்சன்." நேற்று? "அதேதான்." மத்தியானம்? சோறும் பருப்பும். இரவு? பாணும் சம்பலும், பிறகு தேத்தண்ணி. மீன் வாங்கும் நாளில்? "வாப்பாவுக்கும் தம்பிக்கும் வச்சிட்டு மிச்சம் இருந்தா உம்மாவும் நானும்."

கடைசியில் இரத்தம் சோதித்தார்கள். தைரொயிட் சோதனை சாதாரணம். ஹீமோகுளோபின் 8.9. மாதவிடாய் வந்த பெண்பிள்ளைக்கு அது 12க்குக் குறையக்கூடாது. இரும்பு மாத்திரையும் ஒழுங்கான சாப்பாடும் தொடங்கி மூன்று மாதத்தில் அவள் மூன்றாம் பாடவேளையில் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். இப்போது எங்களைத்தான் தூங்க விடுகிறாள் இல்லை.

இந்தக் கதையோடு நிறுத்தினால் "பார்த்தீர்களா, தைரொயிட் என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் சாப்பாடுதான்" என்று சிலர் பகிரத் தொடங்கிவிடுவார்கள். அதனால் இரண்டாவது கதையையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ராத்தா. கழுத்தில் வீக்கம் வந்து, சோதித்து, தைரொக்சின் மாத்திரை தொடங்கி ஐந்தாறு வருடம் நன்றாக இருந்தார். யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். மாத்திரை விஷமாம், பூசணி விதையும் ஆளி விதையும் 90 நாள் சாப்பிட்டால் தைரொயிட் ஓடிவிடுமாம். மாத்திரையை நிறுத்தினார். நாலு மாதத்தில் முகம் ஊதி, குரல் கரகரத்து, சித்திரை வெயிலில் போர்வை மூடிக் கிடந்தார். பிறகு சோதித்தபோது 4 வரை இருக்கவேண்டிய ரீ.எஸ்.எச் 60ஐத் தாண்டியிருந்தது. மறுபடி அதே மாத்திரை. அல்ஹம்துலில்லாஹ், இப்போது சுகம்.

ஒரு வீட்டில் சாப்பாட்டுக் குறையைத் தைரொயிட் என்றார்கள். இன்னொரு வீட்டில் தைரொயிட்டைச் சாப்பாட்டால் விரட்டப் பார்த்தார்கள். இரண்டு பிழையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. சோதிக்காமல் பெயர் வைப்பது.

ஏன் இவ்வளவு குழப்பம்? தைரொயிட் குறைவின் அடையாளங்களைப் பாருங்கள்: களைப்பு, முடி உதிர்தல், தோல் வறட்சி, குளிர் தாங்காமை, மறதி, மலச்சிக்கல், எடை கூடுதல், மாதவிடாய்க் குழப்பம். இப்போது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளங்கள்: களைப்பு, முடி உதிர்தல், கை கால் குளிர்தல், கவனம் நிற்காமை, மூச்சு வாங்குதல். மரக்கறி மட்டுமே சாப்பிடும் சிலருக்கு வரும் விற்றமின் பி12 குறைவு: களைப்பு, மறதி, கை கால் விறைப்பு. நித்திரை இல்லாவிட்டாலும் களைப்புத்தான். மனச்சோர்வுக்கும் களைப்புத்தான். உடம்புக்கு முறையிடத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். எந்த வீட்டில் பிரச்சினை என்றாலும் அது ஒரே மணியைத்தான் அடிக்கிறது.

இது எங்கள் ஊகம் அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 25,862 பேரைச் சோதித்து, தைரொயிட் குறைவின் அடையாளங்கள் உண்டா என்றும் கேட்டார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு அது. நோய் தெளிவாக இருந்தவர்கள், கேட்கப்பட்ட அடையாளங்களில் சராசரியாக 16.6 வீதத்துக்கு ஆம் என்றார்கள். தைரொயிட் முற்றிலும் சரியாக இருந்தவர்கள் 12.1 வீதத்துக்கு ஆம் என்றார்கள். வித்தியாசம் உண்டு, ஆனால் எவ்வளவு சின்னது! அடையாளத்தை மட்டும் வைத்துத் தைரொயிட் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இரத்தம்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் தைரொயிட்டுக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. அதைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

தைரொயிட் சுரப்பி தன் ஹோர்மோனைச் செய்ய அயடீன் வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. ஒரு சிட்டிகைக்குள் அடங்கிப்போகும் அளவு. அது இல்லாத ஊர்களில் கழுத்துக் கழலை வந்தது, பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டது. இந்தியாவின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் டொக்டர் ராமலிங்கசுவாமியின் குழு சில பகுதிகளுக்கு அயடீன் சேர்த்த உப்பையும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் கொடுத்துப் பார்த்தது. அயடீன் உப்புச் சாப்பிட்ட பகுதிகளில் கழலை சில வருடங்களில் நன்றாகக் குறைந்தது. எங்கள் நாட்டில் கழலை அதிகம் இருந்தது தென்மேற்கின் மழை கூடிய மாவட்டங்களில். 80களின் நடுப்பகுதியில் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தபோது 18.8 வீதமானோருக்குக் கழலை இருந்தது. 1995இல் சாப்பாட்டு உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானது. உடனே மாறிவிடவில்லை. ஆனால் 2010இல் பார்த்தபோது 4.4 வீதம். இதைச் சாதித்தது ஒரு பைக்கற் உப்பு.

அதாவது, சாப்பாட்டுக் குறையால் தைரொயிட் நோய் வந்த காலம் ஒன்று இருந்தது. அதைச் சாப்பாட்டாலேயே வென்றோம். இன்று எங்கள் பெண்களுக்கு வரும் தைரொயிட் குறைவு பெரும்பாலும் வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்கும் நோய். 1912இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் முதலில் விவரித்ததால் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அதைக் கீரை சாப்பிட்டுத் தவிர்த்திருக்க முடியாது, விதை சாப்பிட்டு மாற்றவும் முடியாது. அப்படி வந்தவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. "நீ ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா வந்திருக்காது" என்று அவரிடம் சொல்வது அநியாயம். கூடுதல் அயடீனும் இந்த நோயைக் கிளறிவிடலாம். ஒன்லைனில் விற்கும் கடற்தாவர மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். நோன்பு திறக்கும்போது சாப்பிடும் கடற்பாசியைச் சொல்லவில்லை, பயப்படவேண்டாம்.

இன்னொரு விசயம். ரீ.எஸ்.எச் ஒரு தடவை கொஞ்சம் கூடினால் அது வாழ்நாள் தீர்ப்பு அல்ல. 5, 6 என்று வந்தால் வைத்தியர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். பலருக்கு அது தானாகவே இறங்கிவிடும். 10க்கு மேல் போனால், கர்ப்பமாக இருந்தால், கதை வேறு. றிப்போர்ட்டில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருக்கிறது என்பதற்காக நாங்களே தீர்ப்பு எழுதக்கூடாது. அது வைத்தியரின் வேலை.

இனித்தான் எங்கள் கருத்து. கோபம் வந்தாலும் வாசியுங்கள்.

எங்கள் சமூகத்தில் "தைரொயிட்" என்ற சொல், பல வீடுகளில், பெண்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்ற உண்மைக்கு ஒரு மரியாதையான பெயராகிவிட்டது. "எனக்குத் தைரொயிட்" என்றால் யாருக்கும் வெட்கமில்லை. "எனக்குச் சாப்பாடு போதவில்லை" என்று எந்தத் தாயும் சொல்லமாட்டார். கணவருக்குக் குறை, வீட்டுக்குக் குறை. ஆகவே நோயின் பெயர் வசதியாக இருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30இல் இந்தத் தெருக்களை விட்டு வெளியேறிய உம்மாமார் புத்தளத்து முகாம்களில் நிவாரண அரிசியை எண்ணிச் சமைத்தார்கள். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுப் பானையைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள். இங்கேயே இருந்த தமிழ் அம்மாமார் பொருளாதாரத் தடைக் காலத்தில் அதையேதான் செய்தார்கள். அது தியாகம். அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுப்பான். ஆனால் முகாமில் அவசியமாக இருந்தது இன்று வீட்டில் வழக்கமாகிவிட்டது. அந்த உம்மாவின் மகள் இப்போது தாய். அவரும் கடைசியாகவே சாப்பிடுகிறார். அவருடைய பத்தாம் வகுப்பு மகளும் பழகிவிட்டாள்.

வறுமை இல்லை என்று சொல்லவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அந்த வருடம் முட்டையும் பால்மாவும் பல வீடுகளின் பட்டியலில் இருந்து வெட்டுப்பட்டன. விலை கொஞ்சம் இறங்கிய பிறகும் வெட்டியதை யாரும் திருப்பி எழுதவில்லை. காசு இல்லாதது ஒரு பிரச்சினை. இருக்கிற மீன் துண்டு யாருடைய கோப்பைக்குப் போகிறது என்பது இன்னொரு பிரச்சினை. முதலாவதற்கு அரசாங்கத்தைக் கேட்போம். இரண்டாவதற்கு எங்களைத்தான் கேட்க வேண்டும்.

இனித் தேத்தண்ணி. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, அந்தச் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தில் பாதிக்கும் மேலானதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கக்கூடியது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புக்கு இது இன்னும் மோசம். நாங்களோ பாணோடு தேத்தண்ணி, புட்டோடு தேத்தண்ணி, சோற்றுக்குப் பிறகு தேத்தண்ணி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுகிறோம். முதல் வாரம் தலையிடி, இரண்டாம் வாரம் பழகிவிட்டது. தேசிக்காய்ப் புளி நேர் எதிரான வேலையைச் செய்யும். கீரையிலும் பருப்பிலும் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். எங்கள் பாட்டிமார் கீரைக்குப் புளி விட்டது ருசிக்கு மட்டுமல்ல.

விலை கூடிய எதையும் வாங்கச் சொல்லவில்லை. சூடை மீன், நெத்தலி, மாதத்தில் இரண்டு தடவை ஈரல், வேலியில் நிற்கும் முருங்கையிலை, பயறு, கௌபி, எள்ளு, குரக்கன். ஒடியற் கூழை நினைத்துப் பாருங்கள். மீன், நண்டு, கீரை, பயற்றங்காய், பலாக்கொட்டை, பழப்புளி எல்லாம் ஒரே பானையில். எங்கள் மண்ணில் போசாக்குத் தெரிந்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடும் உறவுகள் பால், தயிர் சேர்த்துக்கொள்ளுங்கள், பி12 பற்றி வைத்தியரிடம் ஒரு தடவை கேளுங்கள்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 மார்ச்சில் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை திறந்தபோது பைக்கற்றின் பெயரைப் பற்றி இதே முகநூலில் நாங்கள் எல்லோரும் எவ்வளவு எழுதினோம்! எழுதவேண்டியதுதான். ஆனால் வீட்டில் இருக்கும் பைக்கற்றில் அயடீன் என்று எழுதியிருக்கிறதா என்று எத்தனை பேர் திருப்பிப் பார்த்தோம்? கல்லுப்பைக் கழுவினால் மேலே உள்ள அயடீன் தண்ணீரோடு போய்விடும். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைத்தாலும் குறையும். மூடி வையுங்கள், கழுவாதீர்கள், கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள். அதற்காக உப்பைக் கூட்டவேண்டாம், பிரஷர் காத்துக்கொண்டிருக்கிறது.

பாடசாலையில் கொடுக்கும் வாராந்த இரும்பு மாத்திரை பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சுகாதார அமைச்சு இலவசமாகத் தருகிறது. நாங்கள் அதைக் கானுக்குள் கண்டெடுத்திருக்கிறோம், மேசை லாச்சிக்குள் கண்டெடுத்திருக்கிறோம். "உம்மா குடிக்க வேணாம் எண்டவ" என்கிறார்கள் பிள்ளைகள். குடித்தால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். அவ்வளவுதான். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குத்தான் அதிகம் பிரட்டும். ஆகவே பிரச்சினை மறுபடியும் காலைச் சாப்பாட்டில்தான் வந்து நிற்கிறது. எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. மாத்திரையைப் பகிர்ந்துவிட்டுப் பெயரில் கோடு போட்டால் கடமை முடிந்தது என்று நாங்கள் இருந்தோம். இப்போது தண்ணீர்ப் போத்தலோடு நின்று குடிக்க வைக்கிறோம்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, ஒரு மாதத்துக்கு மேல் களைப்பு நீடித்தால் வைத்தியரிடம் போய் இரத்தச் சோதனை பற்றிக் கேளுங்கள். ஹீமோகுளோபினும் ரீ.எஸ்.எச்சும் இரண்டும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்தால் தைரொயிட் சுரப்பியின் வேலையும் மந்தமாகும். 35 வயதானவர்கள் எம்.ஓ.எச் அலுவலகத்தில் நடக்கும் பெண்களுக்கான கிளினிக்குக்குப் போங்கள். காசு இல்லை.

இரண்டாவது, ஹீமோகுளோபின் குறைந்தால் ஏன் என்றும் கேளுங்கள். சாப்பாடு மட்டும் காரணமாக இருக்கவேண்டியதில்லை. மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, வயிற்றுப் பூச்சி, தலசீமியாக் காவி நிலை என்று வேறும் உண்டு. பெண்பிள்ளைகள் இரத்தப்போக்கைச் சொல்ல வெட்கப்படுவார்கள். உம்மாமார் கேட்க வேண்டும்.

மூன்றாவது, தைரொக்சின் எடுப்பவர்கள் வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்து, அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் கழித்துச் சாப்பிடுங்கள். இரும்பு, கல்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணித்தியால இடைவெளி வேண்டும். "மாத்திரை குடிச்சும் களைப்பு மாறேல்ல" என்று சொல்பவர்களில் சிலர் இரண்டையும் ஒன்றாக விழுங்குபவர்கள். நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்பியவுடன் எடுப்பதா, இரவு படுக்கும்போது எடுப்பதா என்று நோன்புக்கு முன்பே கிளினிக்கில் கேட்டு வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்த மார்க்கம் எங்களுடையது.

நான்காவது, சமூகமாக. நோன்புக் கஞ்சிக்கு முப்பது நாளும் நாங்கள் பானை வைக்கிறோம். மாஷா அல்லாஹ், ஒரு நாள் கூடத் தவறுவதில்லை. மற்றப் பதினொரு மாதமும், பாடசாலை நாட்களில், ஒரு அண்டா அவித்த கௌபியோ கடலையோ காலையில் வைக்க எங்கள் ஜமாஅத்துக்களால் முடியாதா? கோயில்களும் தேவாலயங்களும் தங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்கு இதையே செய்யலாம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கட்டடத்துக்கும் வாயிலுக்கும் காசு அனுப்புகிறார்கள், நன்றி. அந்த வாயிலால் வெறும் வயிற்றோடு நுழையும் பிள்ளையையும் நினையுங்கள். நாங்கள் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எங்கள் வகுப்புக்குக் கிழமையில் இரண்டு நாள் தொடங்கியிருக்கிறோம். சின்னதுதான். ஆனால் அந்த இரண்டு நாளும் மூன்றாம் பாடவேளையில் வகுப்பு விழித்திருக்கிறது.

ஐந்தாவதுதான் கஷ்டமானது, ஆனால் ஒரு சதமும் செலவில்லை. இன்றிரவு உங்கள் வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். சட்டியில் என்ன மிஞ்சியிருந்தது என்று பாருங்கள். வாப்பாமார், நானாமார், அண்ணாமார், உங்களுக்குத்தான் சொல்கிறோம். ஒரு துண்டு மீனை எடுத்து உம்மாவின் கோப்பையில் வையுங்கள். அவர் திருப்பி உங்கள் கோப்பையிலேயே வைப்பார். மறுபடியும் வையுங்கள்.

அதற்குப் பிறகும் அவருக்கு ஏலாமல் இருந்தால், அழைத்துக்கொண்டு போய்ச் சோதியுங்கள். தைரொயிட் என்று வந்தால் மாத்திரை இருக்கிறது, மலிவானது, அரச கிளினிக்கில் இலவசம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. பயப்படவேண்டியது, சோதிக்காமலே ஒரு பெயரை வைத்துவிட்டு, ஒரு பிள்ளையை மூன்று வருடம் மேசையில் தலைவைத்துத் தூங்க விடுவதற்குத்தான்.

வைத்தியத் துறையில் உள்ள உறவுகள் இதில் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள், பதிவைச் சரிசெய்கிறோம். பிரயோசனம் என்று நினைத்தால் உங்கள் வீட்டு வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். முக்கியமாக ஆண்கள் இருக்கும் குழுவில்.

அல்லாஹ் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.